பாலம் வரைக்கும் சண்டை

மூச்சுத் திணறிக் கிடக்கிற மாப்பிள்ளையிடம் எந்த மாமியாராவது இப்படிப் பேசுவாளா? காரின் பின்சீட்டில் புருஷனின் தலையை மடியில் தாங்கியிருந்த மகளுக்கு ஆத்திரமாக வந்தது.

“நீங்க செஞ்சு குடுத்த சாப்பாட்டு மேசை ஆடுது மாப்பிள்ளை,” என்றாள் அம்மா, வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தபடி. “தச்சு வேலைன்னா கொஞ்சம் கவனம் வேணாமா?”

சற்று முன்புவரை எல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூன்று பேரும் மலையாற்றில் ரப்பர் படகு விடப் போயிருந்தார்கள். சுழித்துக்கொண்டு ஓடுகிற தண்ணீர். அம்மா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். படகின் முன்னால் உட்கார்ந்து, துடுப்புப் போடுகிற வழிகாட்டிக்கே இடது வலது சொல்லிக்கொண்டு வந்தாள்.

மாப்பிள்ளை தச்சர். லேசில் வாய் திறக்காத மனுஷர். நன்றாக இருக்கிறீர்களா என்றால் ஒரு சிரிப்பு, கோபமா என்றால் அதற்கும் ஒரு சிரிப்பு. அப்படிப்பட்டவரே, அலையில் படகு தூக்கிப்போட்டபோதெல்லாம் தொண்டை கிழியக் கூவினார். இவருக்கு இவ்வளவு குரல் இருக்கிறதா என்று மனைவிக்கே ஆச்சரியம்.

கரையேறியதும் அகோரப் பசி. ஆற்றோரக் கடையில் சுட்ட இறால் வாங்கினார்கள். சின்ன வயசிலிருந்து அவர் விரும்பிச் சாப்பிடுவதுதான். ஆனால் அன்றைக்குத் தட்டு காலியாவதற்குள் உள்ளங்கை அரிக்கிறது என்றார். கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாகச் சிவந்தது. உதடு வீங்கியது. மூச்சு விட்டால் விசில் அடிக்கிற மாதிரி சத்தம்.

அம்மா சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஓடிப்போய் போனில் பேசிவிட்டு, அதே வேகத்தில் திரும்பி வந்தாள். ஆம்புலன்ஸ் மேலே வந்து சேர நேரமாகும், நாம் இறங்கினால் பாலத்துக்கிட்ட எதிரே வந்துவிடுவார்கள் என்று மட்டும் சொன்னாள். அவரைப் பின்சீட்டில் படுக்கவைத்து, கால்களைப் பைகளின் மேல் தூக்கி வைத்தாள்.

வண்டி கிளம்பியதும் ஆரம்பித்ததுதான் இந்த வாய்.

“மேசை ஆடாது அத்தை,” என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே. “தரை... சமமா இல்ல.”

“ஓகோ, என் வீட்டுத் தரையைக் குறை சொல்றீங்களா? நாலு காலும் ஒரே அளவா இருந்தா ஏன் ஆடப்போகுது?”

“அளவெல்லாம் சரிதான். நீங்க அதை... ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டீங்க. அங்கதான் பள்ளம்.”

சும்மா வரச்சொல்லி மகள் கெஞ்சிப் பார்த்தாள். அம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மரத்தைக் குறை சொன்னாள், இழைப்பைக் குறை சொன்னாள், கடையில் வாங்கியிருந்தால் பார்க்கவாவது லட்சணமாக இருந்திருக்கும் என்றாள்.

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தலையைத் தூக்கப் பார்த்தார். கடை மேசை மரத்தூளை ஒட்டிச் செய்தது, தண்ணீர் பட்டால் ஊதிப்போகும், தான் போட்டது நயம் தேக்கு, பேரன் பேத்தி காலத்துக்கும் நிற்கும் என்று விட்டு விட்டுச் சொல்லி முடித்தார்.

எங்க மாப்பிள்ளை மாதிரி உண்டா என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டவள் இந்த அம்மா. உள்ளுக்குள் வைத்திருந்தது இதுதானா? மகளுக்கு மனசே விட்டுப்போயிற்று.

பாலத்தில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. நர்ஸ் ஓடிவந்து அவர் தொடையில் ஊசி போட்டு, முகத்தில் ஆக்சிஜன் மாட்டினாள். கூடவே ஏறிக்கொண்ட மகள், அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலத்துக்குள் வீக்கம் வடிந்து, மாப்பிள்ளைக்குப் பழைய முகம் திரும்பி வந்தது. எத்தனை காலம் ஒத்துக்கொண்ட சாப்பாடும் ஒருநாள் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போகலாம், இனி இறால் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டர்.

அத்தை எங்கே என்று அவர் கேட்டார். வெளியே பெஞ்சில்தான் இருக்கிறாள், உள்ளே விட்டால் இப்போது எனக்கு மூச்சு நின்றுபோகும் என்றாள் மனைவி.

அந்த நேரம் பார்த்து ஆம்புலன்சில் வந்த நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

“குரல் தெளிஞ்சிடுச்சே. வண்டி ஓட்டிட்டு வந்தவங்க உங்க அம்மாவா? தொண்டை அடைக்க ஆரம்பிச்சா முதல்ல குரல்லதான் தெரியும், அதனால அவரை விடாம பேச வைங்க, தலையாட்டினா போதாது, குரல் மாறினா உடனே கூப்பிடுங்கன்னு எங்க ஆளு போன்ல சொல்லியிருந்தார். நல்லாவே பேச வச்சிருக்காங்க.”

மாப்பிள்ளை கட்டிலே குலுங்குகிற மாதிரி சிரிக்க ஆரம்பித்தார். போதும், மெதுவாக என்று நர்ஸ் அதட்ட வேண்டியதாயிற்று.

மகள் வெளியே வந்தாள். அம்மா இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவே இறுக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். அந்தக் கைகளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள் மகள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே பேச்சுக் குடுத்துட்டு வந்திருப்பேனேம்மா.”

“நீ கொஞ்சுவ. அவர் சிரிச்சுட்டுக் கண்ணை மூடிக்குவாரு,” என்றாள் அம்மா. “என்னைப் பிடிக்காமப் போனாலும் பரவாயில்ல, மனுஷன் உயிரோட இருந்து பிடிக்காமப் போகட்டும்னுதான் வாயை விட்டேன்.”