அட்டவணையில் இல்லாத பெயர்

மலையடிக் கல்லூரியைத் தன் ஊர்க் கல்லூரி கால்பந்தில் ஜெயிக்கும்வரை சவரம் செய்வதில்லை என்று பெர்க்மான்ஸ் மாதாவிடம் நேர்ந்திருந்தார். தாடி மார்பைத் தொட்டுவிட்டது. இந்த வருட ஆட்ட அட்டவணையை மைதானச் சுவரில் ஒட்டியதும் விரல் வைத்துத் தேடினார். மலையடி எங்குமே இல்லை.

"அவனுவ டீமையே கலைச்சிட்டானுவ அண்ணாச்சி. இந்த வருசம் கப்பு நமக்குத்தான்!" என்று கோல்கீப்பர் துள்ளினான்.

தாடிக்குள் அரித்தது. சொறிந்துகொண்டே பஸ் ஏறினார். மலையடிக் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியர் பந்து அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"எப்படியாவது பதினோரு பேரைத் தேத்துங்க சார்."

"நீங்க எங்க காலேஜ்ல படிச்சவரா?"

"இல்ல சார். ஒங்கள ஜெயிக்கணும்."

ஆசிரியர் பூட்டிலிருந்து சாவியை உருவாமல் அந்தத் தாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.