குறைத்துக் கேட்டவள்

சேபோம் போனைக் கையால் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"அம்மா, கம்பெனியிலேர்ந்து. இன்னொரு பொண்ணு என்னைவிடக் குறைஞ்ச சம்பளத்துக்கு ஒத்துக்கிட்டாளாம். நானும் குறைச்சுக்கிறேனான்னு கேக்கறாங்க."

முட்டைக்கோஸுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்த ஓக்பூன் கையை உதறினாள்.

"இன்னொரு பொண்ணுன்னா யாரு? யூரிம்தானே!"

மேல்மாடி யூரிமும் சேபோமும் சின்ன வயதுத் தோழிகள். ஒரே வேலைக்கு இருவரும் மனுப் போட்டிருந்தார்கள். எழுத்துத் தேர்வு, அடுக்கடுக்காக நேர்காணல், மருத்துவப் பரிசோதனை என்று ஆறு மாதம் இழுத்து, கடைசியில் மிஞ்சியது இவர்கள் இருவர்தான். வேலையோ ஒன்று.

அந்த ஆறு மாதமும் ஓக்பூனுக்கு நெஞ்செரிச்சல்தான். யூரிமுக்குப் புதுக் கோட்டு. யூரிமுக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. சர்ச்சில் விடியற்கால ஜெபத்தில் கண்ணை மூடினாலும் ஆண்டவர் தெரியவில்லை. முன்வரிசையில் குனிந்திருக்கும் யூரிம் அம்மாவின் பின்னந்தலைதான் தெரிந்தது.

"பாத்தியா அந்தக் கள்ளியை!"

"யூரிம் எதுக்கும்மா அப்படிச் செய்யப் போறா?"

"ஏன் செய்யமாட்டா? வேலைன்னு வந்துட்டா தோழியாவது மண்ணாவது! நீயும் குறை."

"வருஷத்துக்கு மூணு கோடியே அறுபது லட்சம் வோன். இந்த வேலைக்கு நான் கேட்டதே கம்மிம்மா."

"மூணு கோடியே இருபதுன்னு சொல்லு. சொல்லுடி!"

சேபோம் போனிலிருந்து கையை எடுத்து, அம்மாவைப் பார்க்காமலே அந்தத் தொகையைச் சொன்னாள்.

மறுநாளே சேபோமுக்கு வேலை உறுதியாகிவிட்டது.

ஓக்பூன் ஸ்தோத்திரம் சொன்ன கையோடு கடைக்குப் போய், சிவப்புப் பயறு தூவிய அரிசிக் கேக் வாங்கிக்கொண்டு மாடியேறினாள். பங்கு கொடுக்கிற சாக்கில் மேல்மாடிக்காரியின் முகத்தையும் பார்த்துவிட்டு வரலாமே!

"வாங்க சேபோம் அம்மா, வாங்க! கேள்விப்பட்டு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? யூரிம் இப்பத்தான் சேபோமுக்குப் பூ வாங்கப் போயிருக்கா."

பூவா! என்ன நடிப்பு! ஓக்பூனுக்குப் பொறுக்கவில்லை.

"உங்களுக்கும் வருத்தமாத்தான் இருக்கும். ஆனா, சம்பளத்தைக் குறைச்சுக் கேட்டுட்டா மட்டும் வேலை வந்துடுமா என்ன? மனசு சுத்தமா இருக்கணும்."

யூரிம் அம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

"அட, அந்தப் போன் கதை உங்களுக்கும் தெரியுமா? முந்தாநாள் கம்பெனிக்காரங்க யூரிமைக் கூப்பிட்டு, 'அந்த இன்னொரு பொண்ணு குறைஞ்ச சம்பளத்துக்கு ஒத்துக்கிட்டா, நீயும் குறைச்சுக்கோ'ன்னாங்க. நான்கூட, குறைச்சுத் தொலைடின்னு அவ தொடையைக் கிள்ளினேன். கேட்டாளா? 'சேபோமை எனக்கு நல்லாத் தெரியும். அவ அப்படிச் செய்யவே மாட்டா. நீங்க பொய் சொல்றீங்க'ன்னு போனை வெச்சுட்டா!"