பதினோராவது கார்

"ஊர்ல ஆயிரம் சின்ன கார் ஓடுது. அதுல இதான் நம்ம வண்டின்னு எதை வெச்சும்மா கண்டுபுடிப்ப?"

மூன்று மாதத்துக்கு முன் ஒருவர் இப்படிக் கேட்டபோது மலர்க்கொடிக்குப் பதில் வரவில்லை. நாலு பேர் நிற்கும் இடத்தில் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சொல்ல வேண்டியதெல்லாம் வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதுதான் வரிசையாக ஞாபகம் வரும்.

அன்றிலிருந்து பழைய கார் விற்கும் புரோக்கர்களைத் தேடித் தேடி அலைந்தாள். செங்கல்பட்டில் ஆறு, ஓரிக்கையில் நாலு என்று பத்துக் கார்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியாயிற்று. இது பதினோராவது. உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் சாலையில், கோவிந்தம்மாள் டீக்கடைக்கு எதிரே, தக்காளிச் சிவப்பில் பளபளவென்று நின்றது. புது பெயின்ட் வாசனை டீக்கடை வரை அடித்தது.

"ஏனாத்தூர் புரொபசர் வண்டிமா, ஒரே கை" என்றார் புரோக்கர் வேதகிரி. "மழ வந்தா வண்டிய எடுக்கவே மாட்டாரு. கொட புடிச்சிக்கினு நடந்தே பூடுவாரு. பெட்ரோல்லயும் ஓடும், கேஸ்லயும் ஓடும். செலவே இல்ல."

"போன மாசம் வித்தியே பச்ச காரு, அதுவும் அந்தப் புரொபசர்துதான?" என்றாள் கோவிந்தம்மாள் கடைக்குள்ளிருந்து. "அவரு பாடம் நடத்துறாரா, பட்டறை நடத்துறாரா?"

"நீ டீய ஆத்துக்கா!"

மலர்க்கொடி எஞ்சினைப் பார்க்கவில்லை. டயரை உதைக்கவில்லை. கதவைத் திறந்து உட்கார்ந்ததும் ஸ்டீயரிங்குக்குக் கீழே கையை விட்டுத் துழாவினாள். ஒயர்களுக்கு நடுவே ஒரு சின்னத் துணி முடிச்சு விரலில் பட்டது.

குனிந்து பார்த்த வேதகிரி பதறிப்போனார். "அத்தத் தொடாதமா! யாரோ சாமிக்கு நேர்ந்து முடிஞ்ச காசு. சாமி காசுல கை வெச்சா குடும்பம் வெளங்குமா? அதான் நானே உட்டு வெச்சிக்கீறேன்."

மலர்க்கொடி கையை எடுத்துக்கொண்டாள். முடிவு செய்துவிட்டாள். இந்தக் கார்தான்.

"சாயந்தரம் மதுராந்தகத்துப் பார்ட்டி வராரு. வந்தா தூக்கிக்கினு பூடுவாரு, அப்புறம் என்னைக் கேக்காத" என்றார் வேதகிரி.

இன்றைக்கு விட்டால் இந்தக் காரை இனி கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் அவள் கையில் இருந்த மஞ்சள் பையில் மேலே ஒரே ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாள்தான் இருந்தது. அதற்குக் கீழே, பழைய நோட்டுப் புத்தகத்தை ரூபாய் அளவுக்கு வெட்டி, ரப்பர் பேண்டு போட்டு அடுக்கியிருந்தாள்.

பையின் வாயை லேசாக விரித்துக் காட்டினாள். "ஓட்டிப் பாக்கணும்ணா. பணம் அக்காகிட்ட இருக்கட்டும்."

ஐந்நூறைக் கண்டதும் வேதகிரியின் முகம் மலர்ந்தது. பை கோவிந்தம்மாளின் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. அவர் காரில் உட்கார்ந்தார்.

ஏரிக்கரை வரை போய்த் திரும்பினார்கள். வழியில் கேஸிலிருந்து பெட்ரோலுக்கு மாற்றும்போது வண்டிக்கு விக்கல் வரப் பார்த்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் மலர்க்கொடி ஆக்சிலேட்டரை இரண்டு தரம் மிதித்தாள். விக்கல் நின்றது.

"பழகின கையாட்டம் கீதே!" என்று மெச்சினார் வேதகிரி.

டீக்கடை நெருங்கியதும் அவள் மூக்கைச் சுளித்தாள். "அண்ணா, பின்னாடி கேஸ் வாடை வர்ற மாதிரி கீது. கொஞ்சம் டிக்கியப் பாருங்களேன்."

"கேஸா? சான்ஸே இல்ல" என்று இறங்கிப் பின்பக்கம் போனார் வேதகிரி. டிக்கியில் கை வைக்கப் போனார். கைக்கு டிக்கி அகப்படவில்லை. கார் உத்திரமேரூர் பக்கம் பறந்துகொண்டிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டக்கூட மறந்து அவர் ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தது, சின்னதாகி மறைந்தது.

அரை மணி நேரத்தில் அதே சிவப்புக் கார் அதே டீக்கடைக்குத் திரும்பி வந்தது. ஓட்டி வந்தவள் மலர்க்கொடிதான். பக்கத்தில் இன்ஸ்பெக்டர்.

கோவிந்தம்மாள் கரண்டியோடு ஓடி வந்தாள். "மாட்டிக்கினாளா! இவதான் சார்! பாத்தா பச்சப் புள்ளையாட்டம் கீறா, பை பூரா காய்தம் சார்!"

"வேதகிரி எங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அதான் சார் எனக்கும் புரியல. மனுசன் பையத் தொறந்து பாத்துட்டு வேர்த்துப் பூட்டாரு. போலீசுக்குப் போன் போடுய்யான்னு தொண்ட கிழியக் கத்துறேன். பஸ் வந்துது. ஒரு வார்த்த பேசாம ஏறிப் பூட்டாரு சார்!"

இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே மலர்க்கொடி பக்கம் திரும்பினார். மூன்று மாதத்துக்கு முன் கேட்ட அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். "நம்பரு, பெயின்ட்டு எல்லாம் மாத்திட்டான். இப்ப சொல்லு, எதை வெச்சும்மா கண்டுபுடிச்ச?"

நாலு பேர் கூடிவிட்டார்கள். அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஸ்டீயரிங்குக்குக் கீழே கையை விட்டு, தன் பழைய புடவையிலிருந்து கிழித்து முடிந்திருந்த அந்த முடிச்சைத் தொட்டுக் காட்டினாள்.

வேதகிரி சொல்லாமல் போனதில் வியப்பில்லை. மூன்று மாதத்துக்கு முன் அவள் வீட்டு வாசலிலிருந்து இதே கார் வெள்ளை நிறத்தில் கிளம்பியபோதும், அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போகவில்லை.