ஆசீர்வாதத்தின் ஜெபம்

"இந்தத் தடவையும் படிகம் வரல, ஆசீர்வாதம்."

டெஸ்ட் டியூபை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பேராசிரியர் இஷ்தியாக் அகமது, நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

ஆட்டுத்தோலில் முடியை உதிர வைக்கும் ஒரு புரதத்தைப் படிகமாக்கிவிட்டதாக அவர் எழுதிய கட்டுரை உலகமெல்லாம் போயிருந்தது. அதே முறையில் செய்தும் தங்களுக்கு வரவில்லை என்று அமெரிக்காக்காரர்கள் எழுதிவிட்டார்கள். இப்போது அவருக்கே வரவில்லை.

"என்னைப் பொய்யன்னு சொல்றாங்கய்யா. அதே புரதம், அதே உப்பு, அதே ஆல்கஹால். இந்த லேப்ல மாறினது நீ ஒருத்தன்தான். அதுவும் நல்லதுக்கு."

ஆம்பூரில் சர்ச் நடத்திய எழுப்புதல் கூட்டத்தில், இனி குடிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருந்த லேப் அட்டெண்டர் ஆசீர்வாதம் டெஸ்ட் டியூபைக் கழுவ வாங்கிக்கொண்டான்.

"நான் ஜெபம் பண்றேன் சார்" என்று மட்டும் சொன்னான்.

அடுத்த வாரம் டெஸ்ட் டியூபில் படிகங்கள் கற்கண்டு மாதிரி மின்னின. பேராசிரியர் ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

"என் துவாவுக்கு இறங்காதவன் உன் ஜெபத்துக்கு இறங்கிட்டான்யா! இப்பவே அமெரிக்காவுக்குத் தந்தி அடிக்கிறேன், என் முறையில ஒரு தப்பும் இல்லன்னு!"

ஆசீர்வாதத்தால் தலை நிமிர முடியவில்லை. போன வாரம் அவன்தான் புது ஆல்கஹால் பாட்டிலில் பாதியை சிங்க்கில் கொட்டிவிட்டு, குழாய்த் தண்ணீரைப் பிடித்து நிரப்பி வைத்தான்.

குடித்த காலத்திலும் இதே அளவுதான் தண்ணீர் ஊற்றுவான். அந்தப் பாதி மட்டும் சிங்க்குக்குப் போகாமல் அவன் தொண்டைக்குப் போய்க்கொண்டிருந்தது.