ரெண்டு காதும் தெரியணும்

“கழுத்தை உள்ளே இழுத்துக்காதீங்க பெரியவரே. நேரா என்னைப் பாருங்க. ரெண்டு காதும் தெரியணும்.”

ஸ்டுடியோக்காரர் கெஞ்சாத குறையாகச் சொன்னார். சாம்பல் நிற உடுப்பும் ஒட்டிப்போன கால்களுமாக நின்ற பெரியவர் அசைந்து கொடுக்கவில்லை. அவருக்குப் பின்னால் வெள்ளைப் படுக்கை விரிப்பை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்த ஸ்டுடியோக்காரரின் மனைவிக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது.

பளிச்சென்று ஃபிளாஷ் அடித்ததுதான் தாமதம். பெரியவர் அரைகுறையாக விழுங்கியிருந்த மீனைக் கக்கிவிட்டு, இறக்கையை விரித்துக் கடலைப் பார்த்துப் பறந்துபோனார்.

“நாரையை நேரா நிக்க வெச்சா வெறும் மூக்குதாங்க தெரியுது. காதுக்கு எங்கே போறது?” என்றாள் மனைவி.

“என்னைக் கேட்டா? போர்டு வெச்சவங்களைப் போய்க் கேளு.”

போன வாரம் கடற்கரையில் நட்டுவிட்டுப் போன போர்டு அது. கரையைச் சீர்படுத்தி நடைபாதை போடப்போகிறார்களாம். ‘பறவைகள், நண்டுகள், நாய்கள் முதலிய கரைவாசிகள் அனைவரும் வெள்ளிக்கிழமை மாலைக்குள் தத்தம் புகைப்படத்தை ஒப்படைக்க வேண்டும். படம் இல்லாதோர் கரையை விட்டு அப்புறப்படுத்தப்படுவர்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும், இரண்டு காதும் தெரிய வேண்டும், சிரிக்கவே கூடாது.

அதைப் படித்தவர்கள் எல்லாம் தலையிலடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டுடியோக்காரரால் மட்டும் அப்படிப் போக முடியவில்லை. ஆளுக்கொரு போன் வந்த நாளிலிருந்து கடை ஈயடிக்கிறது; பிள்ளைகளும் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். அடுக்களைக் கதவைத் திறந்தால் மணல். அதில் நிற்கிற நாரையும் உள்ளான் குருவியும்தான் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் அக்கம்பக்கம், சொந்தபந்தம் எல்லாம். அதுகளை விரட்டிவிட்டால் வெறும் கரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இன்றைக்கு அந்த வெள்ளிக்கிழமை.

“ஏங்க, ‘முதலிய’ன்னு போட்டிருக்காங்களே, அது யாரு?”

“நாய்க்கு அப்புறம் வர்றதெல்லாம்தான். பூனை, ஓணான்... கண்ணுல படறதையெல்லாம் எடுத்துத் தள்ளு. வம்பே வேண்டாம்.”

எடுத்துத் தள்ளினார்கள். நீர்க்காகம் இறக்கையைக் காயவைத்துக்கொண்டு நின்றது. “கையை இறக்குங்க தம்பி, இது என்ன சினிமா ஸ்டில்லா?” என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் அது இறக்கவில்லை. நண்டுக்கு நேராக நிற்கவே தெரியவில்லை. ஸ்டுடியோக்காரர் அது ஓடிய பக்கமெல்லாம் குப்புறப்படுத்துத் தவழ்ந்ததில் சட்டைப் பொத்தான் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஆலாப் பறவைகள் கூட்டமாக வந்து இறங்கியபோது எடுத்தது எது, எடுக்காதது எது என்று குழம்பிப்போயிற்று. “எடுத்தவங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்க!” என்று மனைவி போட்ட சத்தத்தில் மொத்தக் கூட்டமும் மேலே போய்விட்டது. நாய் ஒன்றுதான் சொன்ன இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்தது. ஆனால் வாயெல்லாம் பல்.

“சிரிக்காதேடா கண்ணு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்,” என்று அவள் அதன் வாயைப் பொத்தினாள். அது அவள் கையை நக்கிவிட்டு மறுபடியும் இளித்தது.

பொழுது சாய்கிற நேரத்துக்கு அதிகாரி வந்தார். மழை இல்லாத ஊரில் குடை பிடித்துக்கொண்டு வந்தார். ஈரம் காயாத படக்கட்டை வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“நாய் சிரிக்குதே?”

“அதோட முகவாகே அப்படி சார். உள்ளுக்குள்ள ரொம்ப சீரியஸ்.”

“இது வெறும் விரிப்பு மாதிரி இருக்கே. ஆளைக் காணோம்?”

“வெள்ளைக் கொக்கு சார். வெள்ளைத் துணி முன்னால நின்னா அப்படித்தான். மூக்கையும் காலையும் வெச்சு நடுவுல நாமளே பாத்துக்கணும்.”

“சரி. நாரைக்குக் காது எங்கே?”

மனைவிதான் சுதாரித்துக்கொண்டு முன்னே வந்தாள்.

“இறகுக்குள்ள பத்திரமா இருக்கு சார். வேணும்னா நீங்க அவரைக் கூப்பிட்டுப் பாருங்க, காது கேக்கும்.”

அதிகாரி கடல் பக்கம் திரும்பி, “பெரியவரே!” என்றார். தண்ணீரில் நின்ற நாரை வெடுக்கென்று தலையைத் திருப்பியது. அதிகாரிக்குப் பரம திருப்தி. படங்களுக்கெல்லாம் மளமளவென்று முத்திரை குத்தினார்.

“பேஷ். எல்லாரும் இங்கேயே இருக்கலாம். ஒருத்தரும் இவங்களை அசைக்க முடியாது.”

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஸ்டுடியோக்காரர் அதிகாரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இனி கடைசிக் காலம்வரை இதுகளோடு நிம்மதியாக இருந்துவிடலாம்.

அதிகாரி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, யாரையோ தேடுகிறவர்போலப் படக்கட்டை முன்னும் பின்னும் இன்னொருமுறை புரட்டினார். பிறகு திறந்திருந்த அடுக்களைக் கதவையும், கொடியில் காய்ந்த வேட்டியையும், எதிரே நின்ற இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

“நீங்க ரெண்டு பேரும் எப்போ காலி பண்றீங்க?”