ஐந்தே முக்கால் மணி மழை

"மழை எங்கே பெய்ஞ்சுது? காட்டு தம்பி. இந்த மைதானத்துல எங்கயாவது ஒரு சொட்டு ஈரம் காட்டு, இதை இப்படியே விட்டுடறேன்."

மைதானத்துப் புல்லைப் பராமரிக்கும் புல்லுக்காரர் கையில் கடப்பாரை இருந்தது. கோபம் வந்தால் மனிதருக்குக் கண்மண் தெரியாது. கருவியைப் பொருத்திய டெக்னீஷியன் கடப்பாரைக்கும் கருவிக்கும் நடுவில் புகுந்து நின்றான்.

"அண்ணே, இதுக்கு ஏதாவது ஆச்சுன்னா என் வேலை போயிடும்."

"உன் வேலையா? இங்க என் வேலை போய்க்கிட்டு இருக்கு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் கால்பந்து மைதானத்தின் ஓரத்தில், புல்லுக்காரர் குடியிருக்கும் வீட்டை ஒட்டி, சிமென்ட் போட்டு அந்த வானிலைக் கருவியை நிறுத்தினார்கள். காற்று, வெயில், மழை எல்லாவற்றையும் அதுவே அளந்து, காலை ஆறு மணிக்குத் தெளிப்பான்களைத் திறப்பதா வேண்டாமா என்று அதுவே முடிவு செய்யும். பதினெட்டு வருடமாக அந்த முடிவை எடுத்தவர் புல்லுக்காரர்தான். இனி கையே வைக்கக் கூடாது என்று மைதான மேனேஜர் வால்வுக்குப் பூட்டு போட்டு, சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பொருத்திய அன்றைக்கு, சோதித்துப் பார்க்க டெக்னீஷியன் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டான். "வீட்ல இருக்கறதே ஒரு குடம்" என்று முணுமுணுத்துக்கொண்டே புல்லுக்காரரின் மனைவி கொண்டுவந்து கொடுத்தாள். கருவியின் மேலிருந்த மழைமானியில் ஊற்றியதும், 'மழை பெய்தது. இன்று நீர் தேவையில்லை' என்று திரை காட்டியது. மேனேஜருக்கு ஒரே பூரிப்பு.

அதற்குப் பிறகு தெளிப்பான் ஒரு நாளும் திறக்கவில்லை. தினமும் மழை பெய்ததாகக் கருவி சாதித்தது. வெயிலோ மண்டையைப் பிளந்தது. பிள்ளையைப் போல வளர்த்த புல் கோல் கம்பத்துப் பக்கமெல்லாம் மஞ்சளாகிக் கருக ஆரம்பித்தது. சனிக்கிழமை இறுதிப் போட்டி. வெள்ளிக்கிழமைக்குள் பச்சை வராவிட்டால் வேலையும் கிடையாது, வேலையோடு வந்த வீடும் கிடையாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

டெக்னீஷியன் தன் மடிக்கணினியைத் திறந்து ஒவ்வொரு நாளாகப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"அண்ணே, தினமும் காலையில சரியா அஞ்சே முக்காலுக்குப் பெய்யுது. ரெண்டே நிமிஷம். அப்ப காத்துலயும் ஈரம் ஏறலை, சூடும் குறையலை. இது வானத்துல இருந்து வர்ற மழை இல்லை. யாரோ ஊத்துறாங்க."

கடப்பாரை தரையில் விழுந்தது.

"அஞ்சே முக்காலுக்கு நான் அந்தக் கோடியில சுண்ணாம்புக் கோடு போட்டுக்கிட்டு இருப்பேன். அது தெரிஞ்ச எவனோ செய்யற வேலை." புல்லுக்காரர் குரலை உயர்த்தினார். "எவனோ என்ன, மேனேஜர்தான். என்னைத் துரத்தணும்னு ஆள் வச்சு ஊத்துறார்."

டெக்னீஷியன் தடுப்பதற்குள் போனை எடுத்துவிட்டார். பதினெட்டு வருடத்தில் மேனேஜர் முன்னால் நிமிர்ந்துகூட நிற்காத மனிதர், அன்றைக்கு மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினார். "நீங்க மனுஷன்தானா" என்றுகூடக் கேட்டுவிட்டார். எதிர்முனையிலும் குரல் சளைக்கவில்லை. டெக்னீஷியனுக்கே தெளிவாகக் கேட்டது.

"என் மேல பழி போடறியா? ஊத்தினது யாருன்னு பிடிச்சுக் கொடு, வேலையும் வீடும் உனக்கு. இல்லைன்னா வெள்ளிக்கிழமை சாமானைக் கட்டு."

சத்தம் கேட்டு மனைவி வெளியே வந்தாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கையை முந்தானையில் துடைத்தாள்.

"போன்ல யாரு, மேனேஜரா?"

"ஆமா."

"அவரையா அப்படிக் கத்தினீங்க?"

"பின்ன? என் புல்லு சாகுது. பார்த்துக்கிட்டு வாயை மூடிட்டு இருக்கச் சொல்றியா?" நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் அவளிடம் கொட்டினார். "ஊத்துறவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும். கழுத்தைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய் அவர் மேஜை முன்னால நிறுத்தறேன்."

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கறேன். ஆறு மணிக்குப் புல்லுக்குத் தண்ணி திறந்தா, நம்ம வீட்டுக் குழாய்ல என்னங்க வரும்?"

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? காத்துதான் வரும். ரெண்டுக்கும் ஒரே தொட்டி."

"பதினெட்டு வருஷமா குடத்தைத் தூக்கிக்கிட்டுத் தெருக்கோடிக்கு ஓடுறேன். பிள்ளைங்க முகம்கூடக் கழுவாம பள்ளிக்கூடம் போச்சு. வீட்டுக்குத் தனியா ஒரு குழாய் கேளுங்கன்னு எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்? மேனேஜர்கிட்ட எப்படிப் பேசறதுன்னு பம்முனீங்க. இன்னைக்குப் புல்லுக்குன்னதும் ஒரு நிமிஷத்துல வாய் வந்துடுச்சு."

"அதுவும் இதுவும் ஒண்ணா? வீடே போகப் போகுதுங்கறேன், நீ என்னமோ..."

அவள் அவர் கையில் இருந்த போனைப் பிடுங்கவில்லை. கையோடு சேர்த்து அவர் காதருகே தூக்கிப் பிடித்தாள்.

"கூப்பிட்டு என் பேரைச் சொல்லுங்க. நாளைக்கும் ஊத்துவேன்னு சேர்த்துச் சொல்லுங்க."