தொட்டிக்கு அந்தப் பக்கம்

"கோயில்ல பொண்ணு பார்க்க வந்தா பிரகாரம் சுத்தணும். நல்ல வேளை, அவங்களே மீன் கொட்டகைன்னு சொல்லிட்டாங்க," என்றாள் அத்தை.

மெர்டேக்கா சுதந்திர தினப் பொருட்காட்சியில் ஆள் உயரக் கண்ணாடித் தொட்டிக்குள் கடல் மீன்கள் நீந்தின.

"மதி, அவங்க போற வரைக்கும் நகராத. சிரிச்சுக்கிட்டே நில்லு."

நின்றேன். சிறு வயதுக் காய்ச்சலில் என் இடது கால் சூம்பிப்போனது எங்கள் ஊர் காஜா பெராங் முழுக்கத் தெரியும். மாப்பிள்ளை வீட்டுச் சிரம்பான்காரர்களுக்குத் தெரியாது.

தொட்டிக்கு அந்தப் பக்கம், தன் அம்மாவின் தோளில் கை வைத்தபடி மாப்பிள்ளை வந்து நின்றார்.

"அம்மா மேல எவ்வளவு பாசம் பாரு!" என்றாள் அத்தை.

அவர் மீன்களுக்கு நடுவே என்னையே பார்த்துப் புன்னகைத்தார். ஒரு திருக்கை அவர் முகத்துக்கு நேரே பாய்ந்து வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். அவர் இமைக்கக்கூட இல்லை. தைரியசாலி என்று நினைத்துக்கொண்டேன்.

அவருடைய அம்மா மட்டும் எங்களிடம் வந்தார். "பையனுக்குப் பிடிச்சிருச்சு. ஐப்பசியிலயே வச்சுக்கலாம்."

அத்தை என் காதருகே குனிந்தாள். "நல்லா ஏமாந்துட்டாங்க!"

ஐந்து மணிக்குக் காவலாளி தொட்டியைச் சுற்றிப் பச்சைத் திரையை இழுத்து மூடினார். கூட்டம் கலைந்தது. நான் திரையோரமாக அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

மாப்பிள்ளை அங்கேயே நின்றிருந்தார், மூடிய திரையைப் பார்த்து அதே புன்னகையோடு. அந்தக் கண்களுக்குத் திரையும் மீனும் நானும் ஒன்றுதான்.

அவரிடமும் யாரோ, "சிரிச்சுக்கிட்டே நில்லு" என்று சொல்லியிருக்க வேண்டும்.